லண்டன்பேட்டை பக்கம் டிவி வெச்ச பாய் கடை: பரோட்டாவும் வெங்கர் பேச்சும்

கிருஷ்ணகிரி லண்டன்பேட்டை பக்கம் நைட்டு பரோட்டா கடை ஒண்ணு இருக்குதுங்க. போர்டுல இருந்த பேரு வெயில்ல வெளுத்தே போச்சு, யாரும் பேர சொல்லிக் கூப்பிடறதும் இல்ல. பாய் கடைன்னு கேட்டா இந்த ஊர்ல நாலு பக்கமும் கைய காட்டுவாங்க, அதனால டிவி வெச்ச பாய் கடைன்னு கேளுங்க, ஆட்டோக்காரங்களே கொண்டுபோய் விட்டுடுவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு கல்லு சூடாகும், நைட்டு ஒரு மணி வரைக்கும் ஓடும், ரம்ஜான் மாசத்துல சஹருக்கும் தெறந்திருக்கும். நான் எட்டு ஒம்பது வருஷமா போறேன், இவ்ளோ நாள் எழுதணும்னு தோணல, போன தடவ அங்க அர்செனல் ஃபுட்பால் டீமோட பழைய கோச் வெங்கரப் பத்தி ஒரு படம் ஓடுனப்ப நடந்தத பாத்துட்டு எழுதாம இருக்க முடியல, அதான்.

மொதல்ல சாப்பாட்டப் பத்தி சொல்லிடறேன். பரோட்டா 15 ரூபா. மாவு நல்லா ஊறின மாவு, மாஸ்டர் அத வீசறப்ப பின்னாடி இருக்கற பல்பு வெளிச்சம் மாவு வழியா தெரியும், அந்த அளவுக்கு மெல்லிசா இழுப்பாரு. சுட்டு எடுத்ததும் நாலஞ்சு பரோட்டாவ ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டுவாரு பாருங்க, அந்த சூட்டுல எப்படி கைய வெக்கறாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல, அந்த தட்டுலதான் லேயர் லேயரா பிரிஞ்சு வரும். எலைல வெச்சு சால்னா ஊத்துனா நடுவுல ஊறி ஓரம் மட்டும் மொறுமொறுன்னு நிக்கும். முட்டைக் கலக்கி 20 ரூபா, மேல மிளகு தூவி தளதளன்னு வரும், ஸ்பூன் வேணாம் அப்படியே உறிஞ்சிடலாம். ஞாயித்துக்கெழம மட்டும் மட்டன் பாயா, அது ஒம்பதுக்கெல்லாம் காலி.

டேம் மீனு வறுவல்தான் இந்தக் கடையில நான் யார கூட்டிட்டுப் போனாலும் மொதல்ல சொல்றது. கேஆர்பி டேம், அதாவது நம்ம கிருஷ்ணகிரி அணை, அதுகிட்டயே வரிசையா மீன் கடைங்க இருக்குது, அங்க போய் சாப்பிடறது ஒரு தனி சொகம்தான், ஆனா அது பகல்ல. இங்க பாய் சாயங்காலமே டேம்ல இருந்து ஜிலேபி மீனா பாத்து வாங்கிட்டு வந்து கீறி மசாலா தடவி வெச்சிடுவாரு, கேட்டா அப்பதான் எண்ணெயில போடுவாங்க, முன்னாடியே பொரிச்சு அடுக்கி வெக்கற வேலையே கெடையாது. முள்ளு இருக்கும், கொழந்தைங்களுக்குக் குடுத்தா பாத்துக் குடுங்க.

கொறையும் சொல்லணும். பதினோரு மணிக்கு மேல போனா சால்னா தண்ணியா இருக்கும், மிச்சம் இருக்கறதுல வெந்நீர் ஊத்தி இழுப்பாங்க. கை கழுவற எடத்துல சோப்பு பாதி நாள் இருக்காது. டேபிள் மொத்தம் அஞ்சு, மாங்கா சீசன்ல, அதாவது மே ஜூன்ல, மாங்கா கூழ் எடுக்கற பல்ப் ஃபேக்டரிக்கு லோடு ஏத்திட்டு வர்ற லாரிக்காரங்க எல்லாம் இங்கதான் சாப்பிடுவாங்க, அப்ப நின்னுட்டே சாப்பிட ரெடியா போங்க. குடும்பத்தோட போறவங்களுக்கு உள்ள ஒரு சின்ன ரூம் இருக்குது, ஆனா அங்க இருந்து டிவி தெரியாது. ஆனா ஒண்ணு, சால்னா தண்ணியா இருக்கு பாய்னு சொன்னீங்கன்னா அவரு மொகத்த தூக்க மாட்டாரு, நம்மள சமாளிக்கவும் மாட்டாரு. கரண்டியில கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாப்பாரு, பாத்துட்டு "ஆமா"ம்பாரு. அவ்ளோதான். பில்லுல கொஞ்சம் கொறைச்சுப்பாரு. இந்த "ஆமா"வுக்காகவே நான் வேற கடை மாத்தல.

இப்ப டிவிக்கு வரேன். 43 இன்ச், கல்லாவுக்கு மேல செவுத்துல. பாய்க்கு ஃபுட்பால் அவ்ளோவா தெரியாது, பையன் காலேஜ் படிக்கறப்ப கேட்டான்னு வாங்கி மாட்டுனாராம், அந்தப் பையன் இப்ப ஓசூர்ல வேலைக்குப் போயிட்டான், டிவியும் நாங்களும் இங்கயே இருக்கோம். சனிக்கெழம இங்கிலாந்தோட பிரிமியர் லீக் மேட்ச் பெரும்பாலும் நம்ம டைம் ஏழரைக்கோ, அங்க குளிர்காலம்னா எட்டரைக்கோ ஆரம்பிக்கும், பரோட்டா டைமும் மேட்ச் டைமும் அப்படியே ஒத்துப்போகும். கிரிக்கெட் இருக்கற நாள்ல மட்டும் சண்டை வரும், பாய் ஓட்டு போட வெச்சு முடிவு பண்ணுவாரு. நெட்டு நடுவுல சுத்தும், அப்ப யாராச்சும் போன்ல ஹாட்ஸ்பாட் போடணும், அந்த நேரத்துல கோல் விழும், எத்தன கோல நாங்க பாக்காம காதால மட்டும் கேட்டிருக்கோம்னு கணக்கே இல்ல.

அங்க வர்ற ஆளுங்க ஒரு ஆறேழு பேரு நெலையா இருக்கோம். எங்களுக்கெல்லாம் பெரியவரு ஒரு ரிட்டயர்ட் பிடி சாரு, லண்டன் டீம் அர்செனலோட ரசிகர், எங்கள மாதிரி பாதிப்பேருக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு சொல்லிக் குடுத்ததே அவர்தான். என் கூட படிச்சவன் ஒருத்தன் பல்ப் ஃபேக்டரியில ஷிஃப்ட்டு, அவன் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிக்கற தம்பி ஒருத்தன், அவனும் அர்செனல், ஆனா அவனுக்குத் தெரிஞ்ச அர்செனல், வெங்கருக்கு அப்புறம் வந்த கோச் ஆர்டெட்டாவோட அர்செனல். நான் 2003-04 சீசன்ல இருந்து பாக்கறேன். எனக்கு அந்த வருஷம் மறக்கவே மறக்காது, 2004 பிப்ரவரியில தர்மபுரியில இருந்து நம்ம கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சுது, அந்த மே மாசம் அர்செனல் 38 மேட்ச்ல 26 ஜெயிச்சு 12 டிரா பண்ணி ஒண்ணுலகூட தோக்காம லீக்க முடிச்சாங்க. ஊரே புதுசா ஒரு பேரோட நிக்கற மாதிரி இருந்துச்சு, எனக்குன்னு ஒரு டீமும் வந்துச்சு. அந்த டீம கட்டுனது ஆர்சன் வெங்கர்.

போன தடவன்னு சொன்னேன்ல, அது இன்டர்நேஷனல் பிரேக் டைம், பிளேயருங்க அவங்கவங்க நாட்டு டீமுக்கு ஆடப் போயிடுவாங்க, கிளப் மேட்ச் எதுவும் இல்ல, டிவி சும்மா கெடந்துச்சு. காலேஜ் தம்பிதான் "அண்ணா வெங்கரப் பத்தி 2021ல ஒரு டாக்குமெண்டரி வந்துச்சுல்ல, நான் பாத்ததே இல்ல, போடட்டுமா"ன்னு கேட்டான், பாயும் போடுப்பான்னாரு. அவன் போன்ல இருந்து டிவிக்கு போட்டான். கடையில அப்ப ஒரு பத்து பேரு இருந்திருப்போம், அதுல பாதி பேரு லாரிக்காரங்க.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு, அந்த மனுஷன் வளந்ததே ஒரு சாப்பாட்டுக் கடையில. பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்துல டட்லன்ஹைம்னு ஒரு கிராமம், அங்க அவங்க அப்பா அம்மா பார் மாதிரி ஒரு சின்ன ஓட்டல் நடத்துனாங்க, ஊரு ஃபுட்பால் டீம்காரங்க அங்கதான் கூடுவாங்க, சின்னப் பையனா ஒரு மூலையில உக்காந்து பெரியவங்க ஃபுட்பால் பேசறத கேட்டுக் கேட்டே வளந்தாரு. இத தம்பி தமிழ்ல சொன்னப்ப பாய் கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து டிவிய நல்லா பாத்தாரு. "நம்ம மாதிரி கடையா?"ன்னாரு. அதுக்கப்புறம் அவரு உக்காரவே இல்ல.

1996 அக்டோபர்ல அர்செனலுக்கு வந்தாரு வெங்கர், அதுக்கு முன்னாடி ஜப்பான்ல நகோயா டீம்ல இருந்தாரு, இங்கிலாந்துல யாருக்கும் அவரத் தெரியல. வந்ததும் மொதல்ல கைய வெச்சது பிளேயருங்க சாப்பாட்டுலதான், சாக்லேட்ட நிறுத்துனாரு, வேக வெச்ச கோழி, மீனு, காய்கறின்னு மாத்துனாரு. 98ல, 2002ல லீக்கும், அங்க நடக்கற நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கப்பும் ரெண்டும் சேத்து ஜெயிச்சாரு, 2004ல தோக்காம ஜெயிச்சாரு. மொத்தம் 3 லீக், 7 எஃப்ஏ கப். யுனைடெட்காரன் இதெல்லாம் வர்றப்ப எப்பவும் ஏதாச்சும் கத்துவான், அன்னிக்கு டாக்குமெண்டரில யுனைடெட்டோட பழைய கோச் ஃபெர்குசனே வந்து, நான் 13 லீக் ஜெயிச்சிருக்கேன் ஆனா தோக்காம ஒரு சீசன முடிக்க எனக்கு கிட்டகூட வரல, அது ஆர்சனோடதுன்னு சொல்லவும் அவன் பரோட்டாவ பிச்சிட்டு இருந்த கை அப்படியே நின்னுடுச்சு. "எங்காளே சொல்லிட்டாருடா"ன்னு என்னப் பாத்து சொன்னான். இருபது வருஷமா அவன் என்கிட்ட ஒத்துக்காத விஷயம்ங்க அது.

அப்புறம்தான் அந்த எடம் வந்துச்சு. வெங்கர் சொல்றாரு, நான் இந்த கிளப்போட என்னையே முழுசா ஒண்ணாக்கிக்கிட்டேன், அதுதான் நான் பண்ண தப்பு, நான் இருக்கற எடத்த ரொம்ப நேசிச்சிடறேன், அதுதான் என்கிட்ட இருக்கற பெரிய கொறை, வேற எங்கயாச்சும் போயிருக்கணும்னு. 2007தான் முக்கியமான திருப்பம்ங்கறாரு. அந்த வருஷம் வெங்கர அர்செனலுக்கு கூட்டிட்டு வந்த நண்பன் டேவிட் டெய்ன் கிளப்ப விட்டுப் போனாரு, நண்பனுக்கு விசுவாசமா இருக்கறதா கிளப்புக்கு விசுவாசமா இருக்கறதான்னு தவிச்சிருக்காரு. ரியல் மாட்ரிட் ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கு, போகல. யாரும் கேட்டு மடக்கி வாங்குன வார்த்த இல்ல அது, எழுபது வயசத் தாண்டுன மனுஷன் நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா தேடி எடுத்து சொல்றாரு. குரல் ஒடையல. ஆனா கண்ணு வேற எங்கயோ இருக்குது.

கடையில கொஞ்ச நேரம் எண்ணெய் பொரியற சத்தம் மட்டும்தான்.

மொதல்ல பேசுனது பிடி சாரு. "அப்ப நாங்க சொன்னது சரிதானே"ன்னாரு. எங்களுக்கெல்லாம் தெரியும், 2017ல அவரு வாட்ஸ்அப் டிபியே வெங்கர் அவுட்னு வெச்சிருந்தாரு, பேரன் பேத்தி எடுத்த மனுஷன். "போங்க போங்கன்னு கத்துனோம், அப்ப எங்கள நன்றி கெட்டவங்கன்னு சொன்னீங்க, இப்ப அவரே போயிருக்கணும்னு சொல்றாரு"ன்னு என்னப் பாத்துதான் சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல, ஏன்னா நானும் கத்துனவன்தான். 2011 ஆகஸ்ட் 28, யுனைடெட்டோட கிரவுண்டு ஓல்டு டிராஃபோர்டுல 8-2ன்னு தோத்தோம், நான் அப்ப ஓசூர்ல வேலை பாத்துட்டு ரூம்ல தங்கியிருந்தேன், எங்க பெரிய பிளேயருங்க ஃபேப்ரிகாஸ் போயாச்சு, நஸ்ரி போயாச்சு, ஆறாவது கோல் விழுந்ததும் டிவிய அணைச்சிட்டு வெளிய வந்து ரோட்டுல நின்னேன். அன்னிக்கு நைட்டு அந்த மனுஷனப் பத்தி நான் எழுதுன வார்த்தைங்கள இப்ப என் புள்ளைங்க படிச்சா எனக்கு மொகம் இருக்காது.

சாரு சரின்னு சொல்லி ஜெயிச்ச மாதிரி உக்காந்திருக்கலாம். ரெண்டு நிமிஷம் கழிச்சு அவரே, "ஆனா எனக்கு சந்தோஷமா இல்லடா, எதிராளி ஒத்துக்கிட்டா சந்தோஷமா இருக்கும், நம்மாளு ஒத்துக்கிட்டா என்ன பண்றது"ன்னாரு. எலைய மடிச்சிட்டாரு, பாதி பரோட்டா அப்படியே உள்ள இருந்துச்சு.

தம்பிக்கு இது ஒத்துக்கவே இல்ல. "சார், 2007ல போயிருந்தா அந்த ஸ்டேடியம் கடன யாரு கட்டுவாங்க?"ன்னு நேரா கேட்டான். சின்னப் பையன் எவ்ளோ படிச்சு வெச்சிருக்கான்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. 2006ல எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு மாறுனாங்க, 60,000 சீட்டு, கிட்டத்தட்ட 390 மில்லியன் பவுண்டு செலவு. அந்தக் கடனுக்கு பேங்க்காரங்க வெங்கர் அஞ்சு வருஷம் இருப்பேன்னு கையெழுத்து போட்டாதான் ஆச்சுன்னு கேட்டதா வெங்கரே சொல்லிருக்காரு. இத கேட்டதும் ஒரு லாரிக்காரரு, அதுவரைக்கும் வாயே தெறக்கல அவரு, "ஜாமீன் கையெழுத்தா?"ன்னாரு. "ஆமாங்கண்ணா அந்த மாதிரிதான்"ன்னான் தம்பி. அவரு தலைய ஆட்டுன விதத்துலயே தெரிஞ்சுது, அவரு யாருக்கோ எதுக்கோ போட்டிருக்காருன்னு. "ஜாமீன் போட்டவன் எங்கப்பா ஊர விட்டுப் போறது"ன்னு சொல்லிட்டு டீய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. வருஷக்கணக்கா இந்த விஷயத்த எத்தனையோ பேரு எழுதிப் படிச்சிருக்கேன், இவ்ளோ சட்டுனு யாரும் சொன்னதில்ல.

தம்பி விடல. வருஷா வருஷம் நல்ல பிளேயர வித்து வித்துதான் கடன் கட்டுனாங்க, அப்படியும் 2016 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் மொத நாலு எடத்துக்குள்ள வந்து, ஐரோப்பாவோட பெரிய டீமுங்க மோதற சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனாங்க, 2005க்கு அப்புறம் ஒம்பது வருஷம் கப்பே இல்லாம இருந்து 2014, 15, 17ன்னு மூணு எஃப்ஏ கப் ஜெயிச்சாங்க, இதெல்லாம் தப்பு பண்ண மனுஷன் செய்யற வேலையான்னான். அவரு தப்புன்னு சொன்னாலும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்னான். அவன் அந்த 8-2வ பாக்கல, அந்த ஒம்பது வருஷத்துல ஒவ்வொரு பிப்ரவரியும் டீம் ஒடைஞ்சு விழறத பாக்கல, அதனால அவனுக்கு அந்த மனுஷன் மேல கோவமே இல்ல. எனக்கு அது பொறாமையா இருந்துச்சு.

யுனைடெட்காரன் மட்டும் வேற மாதிரி பேசுனான். எங்க ஃபெர்குசன் 2013ல லீக் ஜெயிச்ச கையோட போயிட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க, அதுக்கப்புறம் நாங்க லீக்க தொடவே இல்ல, சரியான நேரத்துல போனாரு, ஆனா பின்னாடி வீடு என்ன ஆச்சுன்னு பாரு, உங்காளு லேட்டா போனாரு, ஆனா கடன நல்லா கொறைச்சு வீட்ட வெச்சிட்டுப் போனாருன்னான். இவன் வாயில இருந்து இப்படி ஒரு பேச்சு வரும்னு நான் நெனைக்கல. அப்புறம் ஜெர்மனி பேச்சு வந்துச்சு, 2018 உலகக் கோப்பையில கொரியாகிட்ட 2-0 தோத்து மொத ரவுண்டுலயே வெளிய வந்தப்ப கோச் யோவாஹிம் லோவ் ரெண்டு மாசம் கழிச்சு பிரஸ் மீட்ல உக்காந்து, பந்த வெச்சே ஆடி ஜெயிச்சிடலாம்னு நெனைச்சது என்னோட பெரிய தப்பு, அது கிட்டத்தட்ட திமிருதான்னு ஒத்துக்கிட்டாரு. அத ரசிகருங்க பெருசா எடுத்துக்கல, ஏன்னா அவரு ஒத்துக்கிட்டு பதவியிலயே இருந்தாரு. வெங்கர் பதவி போனதுக்கு அப்புறம் சொல்றாரு, இதனால அவருக்கு ஒரு லாபமும் இல்ல. அதனாலதான் இது உள்ள போய் தைக்குது, எனக்கு அப்படித்தான் தோணுது.

இதெல்லாம் நடக்கறப்ப மாஸ்டர் கல்ல தொடச்சிக்கிட்டு இருந்தாரு. அவருக்கு ஃபுட்பால் சுத்தமா தெரியாது, டிவி பக்கம் திரும்பவே மாட்டாரு. அன்னிக்கு திரும்பி, "எத்தன வருஷம்னு சொன்னீங்க?"ன்னாரு.

"22 வருஷம் மாஸ்டர், ஒரே டீமு."

"அவரா போனாரா, போகச் சொன்னாங்களா?"

யாரும் பதில் சொல்லல. நேரான கேள்விங்க அது. 2018 ஏப்ரல்ல போறேன்னு அறிவிச்சாரு, கான்ட்ராக்ட் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்துச்சு, அந்த நேரம் நான் முடிவு பண்ணது இல்லன்னு அப்பவே சொல்லிட்டாரு. மே மாசம் பர்ன்லிய 5-0 ஜெயிச்ச கடைசி ஹோம் மேட்ச்ல, அவுட் அவுட்னு கத்துன அதே கூட்டம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு, உங்கள மாதிரி நானும் அர்செனல் ரசிகன்தான்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் 2022 டிசம்பர் 26 வரைக்கும் அந்த ஸ்டேடியத்துக்குள்ள மேட்ச் பாக்க வரவே இல்ல. அடுத்த வருஷம் வாசல்ல அவருக்கு சிலை வெச்சாங்க. இத தம்பி ஒண்ணொண்ணா மாஸ்டருக்கு சொன்னான்.

மாஸ்டர் கேட்டுட்டு, "எனக்கும் 19 ஆகுது இந்தக் கல்லுல"ன்னாரு. "பெங்களூருல ஒரு பெரிய ஓட்டல்ல கூப்பிட்டாங்க, ரெட்டை சம்பளம், தங்க ரூமு. போகல. போயிருக்கணுமோன்னு தோணும் சில நாளு." சாதாரணமாதான் சொன்னாரு, சொல்லிட்டு துணிய பிழிஞ்சு போட்டுட்டு மாவு பக்கம் திரும்பிட்டாரு.

பாய் டிவிக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, "போகலன்னு சொல்லாத மாஸ்டர். நான் விடல."

மாஸ்டர் திரும்பல.

"அட்வான்ஸ் 40,000 பாக்கி இருந்துச்சு. மொத்தமா கீழ வெச்சிட்டுப் போன்னேன். உன்னால வெக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். மாசாமாசம் அனுப்பறேன்னு கேட்ட நீ, நான் முடியாதுன்னேன். தப்பு என்னுது."

இந்தத் தொழில்ல பழகுனவங்களுக்குத் தெரியும், பரோட்டா மாஸ்டர்னா அட்வான்ஸ் இல்லாம யாரும் வர மாட்டாங்க, ஓனரும் அந்த அட்வான்ஸ வெச்சுதான் புடிச்சு வெப்பாங்க, எல்லா ஊர்லயும் இப்படித்தான். ஆனா ஒரு மொதலாளி பத்து கஸ்டமர் முன்னாடி, கல்லாவுக்குக் கீழ நின்னு, இத இப்படி சொல்லி நான் கேட்டதே இல்ல. தம்பி சந்தோஷத்துல "செம பாய்"னு ஏதோ சொல்ல வந்தான், பிடி சாரு அவன் தொடையில கைய வெச்சு அமுக்குனாரு. அது கை தட்டற நேரம் இல்லன்னு சாருக்குத் தெரிஞ்சிருக்கு.

மாஸ்டர் ஒரு உருண்டைய எடுத்து தட்டுனாரு, எண்ணெய தடவுனாரு, வீசுனாரு. அப்புறம், "அன்னிக்கே சொல்லிருந்தா நல்லாருந்திருக்கும் பாய்"ன்னாரு. கோவமாவும் இல்ல, சமாதானமாவும் இல்ல.

"ஆமா"ன்னாரு பாய்.

மாஸ்டர் சொன்ன அந்த வார்த்தைலதான் நான் அன்னிக்கு முழுக்க நின்னுட்டேன். சாரு எலைய மடிச்சதும் அதுக்காகத்தான், நான் வாயடைச்சு உக்காந்ததும் அதுக்காகத்தான். 2007லயோ 2011லயோ அவரு போறேன்னு சொல்லிருந்தா நாங்க கெட்ட வார்த்தை எதுவும் பேசாம அவர கொண்டாடி அனுப்பியிருப்போம். இப்ப அவரு ஒத்துக்கறாரு, நாங்க எங்களத அவருகிட்ட ஒத்துக்க வழி இல்ல. 2023 நவம்பர்ல அவரு ஃபிஃபா வேலையா புவனேஸ்வர் வந்து அகாடமி தெறந்து வெச்சாரு, நம்ம நாட்டுக்கே வந்தாரு, அப்ப கூட நான் டிக்கெட் போட்டுப் போய் தூரத்துல நின்னாச்சும் பாத்திருக்கலாம், போகல. சாரிங்க கோச்னு ஒரு வார்த்த எனக்குள்ள அப்படியே இருக்குது, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, அதான் பரோட்டா கடை ரிவ்யூல எழுதிக்கிட்டு இருக்கேன்.

அன்னிக்கு பில்லு நாலு பேருக்கு 540 ரூபா ஆச்சு, எட்டு பரோட்டா, நாலு கலக்கி, டேம் மீனு அஞ்சு பீஸு, டீ நாலு. பாய் பணம் வாங்க மறந்துட்டாரு, நாங்க ஜிபே பண்ணிட்டு சொல்லிட்டு வந்தோம்.

போன வாரம் மறுபடியும் போனேன். மாஸ்டர் இருக்காரு, அதுதான் நெறைய பேரு கேப்பீங்கன்னு தெரியும். ஒரு மாத்தம், இப்ப செவ்வாக்கெழம மாஸ்டருக்கு லீவு, சம்பளத்தோட, அன்னிக்கு பாயே கல்லுல நிக்கறாரு. நான் தெரியாம செவ்வாக்கெழம போயிட்டேன், பரோட்டா தடியா இருந்துச்சு, உள்ள வேகல, சொன்னேன், பிச்சு வாயில போட்டுப் பாத்துட்டு ஆமான்னு தலைய ஆட்டுனாரு. அதனால செவ்வாக்கெழம போறவங்க தோசையோ கலக்கியோ சொல்லிக்கோங்க. வண்டிய கடை வாசல்ல நிறுத்தாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போடறாங்க, எதுத்தாப்புல காலி எடம் இருக்குது. டேம் மீனு வேணும்னா பத்தரைக்குள்ள போயிடுங்க, மேட்ச் நாள்னா ஒம்பதரைக்குள்ள.